வினோதாவுக்கு மதிப்பெண் இல்லை

கருவடிக்குப்பம், புதுச்சேரி
14 ஜூலை 2025, திங்கட்கிழமை, காலை 9.40. நீ கோயம்புத்தூர் போய்ப் பதினெட்டு நாள்.

வினோ,

நான் எழுதும் முதல் கடிதம் இது. பள்ளிக்கூட லீவ் லெட்டரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"நான் ரெண்டாவது வரி பேசறதுக்குள்ள 'பாயிண்டுக்கு வா'ங்கற. இனிமே இந்த விஷயத்த எழுது. எழுத்துல நீ குறுக்கப் பேச முடியாது" என்று சொல்லி போனை வைத்தாய். சரி. சாப்பிட்டியா தூங்கினியா போனில். கோயம்புத்தூரா பாண்டியா தபாலில். உன் விதிதான். போஸ்ட் ஆபீஸில் கவரும் ஸ்டாம்பும் கேட்டேன். கவுன்டரில் இருந்த அம்மா, "கோர்ட்டு விஷயமா தம்பி?" என்றார். "இல்லைங்க, பொண்டாட்டிக்கு" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று ஸ்டாம்பைக் கிழித்துக் கொடுத்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி எழுத்திலேயே கொடுத்துவிட்டது. இனி எனக்கு நிரந்தரமாக வீட்டிலிருந்து வேலை. எந்த ஊர் வீடு என்று அவர்களுக்குக் கவலை இல்லை. செப்டம்பர் ஒன்றாம் தேதிக்குள் ஒரு நிரந்தர முகவரி சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அதனால் ஒரு அட்டவணை போட்டேன். பிரிண்ட் வைத்திருக்கிறேன், பார். பதினான்கு தலைப்பு. இன்டர்நெட், கரண்ட் கட், வாடகை, வெயில், மீன், தண்ணீர், கடல், ஆஸ்பத்திரி, இப்படி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஊருக்கும் மதிப்பெண். ஒருதலையாகப் போடவில்லை. இங்கே மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை கடையை மூடிவிட்டுத் தூங்கப் போகிறார்களே, அதற்கு மைனஸ் மூன்று கொடுத்திருக்கிறேன். போன வாரம் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்க ஒண்ணு அஞ்சுக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கடைக்காரர் அதற்கு அடியில் குனிந்து, "நாலு மணிக்கு வா தம்பி" என்றார். பெட்டி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது!

மொத்தம்: பாண்டி 71. கோயம்புத்தூர் 64.

ஆக, நான் இங்கேயே இருக்கிறேன். நீ பம்ப் கம்பெனியில் ஆறு மாத ப்ரொபேஷனை முடி. அதற்குள் இங்கே தட்டாஞ்சாவடியில் உனக்கு வேறு கம்பெனி கிடைக்கும். அதுவரை மாதம் இரண்டு தடவை பஸ். இதில் கோபப்பட ஒன்றும் இல்லை. எண் சொல்கிறது.

உத்திராபதி


பீளமேடு, கோயம்புத்தூர்
ஜூலை 19, சனிக்கிழமை

மதிப்பிற்குரிய உத்திராபதி அவர்களுக்கு,

(அத்தை தவறிப் பிரிச்சுட்டா மரியாதையா இருக்கட்டும்னு மேல ஒரு வரி. அத்தை முன்னாடி 'வாங்க போங்க', மத்தபடி காலேஜ்ல கூப்பிட்ட மாதிரி 'நீ'தான். இனி நீ.)

உன் கடிதம் நேத்து வந்தது. நானும் கூடத் தங்கியிருக்கற கலைவாணியும் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா கதவிடுக்குல கிடக்கு. கலைவாணிக்கு ஒரே சந்தோஷம். "உங்க வூட்டுக்காரரு கடுதாசி எல்லாம் போடறாருங்களா? கவிதைங்களா?"ன்னா. பிரிச்சேன், கட்டம் போட்ட தாள் விழுந்தது. "என்னங்க இது, மார்க் ஷீட்டுங்களா?"ன்னு கேட்டுட்டு டீ போடப் போயிட்டா.

உன் கடிதத்துக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு கதை. நீ குறுக்க வர முடியாதுங்கறதால நிதானமாச் சொல்றேன்.

இங்க என் வேலை டெஸ்டிங். முடிஞ்ச பம்பைத் தண்ணித் தொட்டியில இறக்கி ஓட விட்டு, எவ்வளவு தண்ணி தள்ளுது, எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு பாக்கணும். சரியா இருந்தா கையெழுத்து. என் கையெழுத்து இல்லாம ஒரு பம்பும் கேட்டைத் தாண்டாது. போன செவ்வாய்க்கிழமை ஒண்ணு வந்தது. தண்ணி சரி, கரண்ட் சரி. ஆனா சத்தத்துல ஒரு நெருடல். சோறு மெல்லும்போது கல்லு மாட்டின மாதிரி. நான் கையெழுத்துப் போடல. ஃபோர்மேன் சந்திரமோகன் அண்ணன் வந்துட்டாரு.

"ஏனுங் மேடம், நீங்க வந்தே மூணு வாரந்தானுங்களே ஆச்சு. அதுக்குள்ள பம்பைத் திருப்பறீங்க? ரீடிங்தான் சரியா இருக்குதுங்களே."

"ரீடிங் சரிதாண்ணே. சத்தம் சரியில்ல."

"எனக்கொண்ணும் கேக்கலீங்களே."

"இருபது வருஷமா இந்தச் சத்தத்துக்குள்ளயே நிக்கறீங்க. எப்படிண்ணே கேக்கும்?"

பக்கத்துல இருந்தவங்க சிரிச்சுட்டாங்க. அவருக்கு முகம் சிவந்துபோச்சு. அங்கேயே பிரிக்கச் சொல்லிட்டாரு. பிரிச்சா, பேரிங் உக்கார்ற இடம் மயிரிழை கோணல். அவரே பம்பைத் தூக்கிட்டுப் போனாரு. மறுநாள்லேர்ந்து டீ எனக்குத்தான் முதல்ல வருது.

தட்டாஞ்சாவடியில நாலு வருஷம் இருந்தேன். யாரோ வார்த்த பைப் ஜாயின்டை அளந்து அளந்து பெட்டியில போட்டேன். ஒரு நாளும் என் காதை யாரும் கேக்கல. அதைத்தான் நீ 'வேறு கம்பெனி கிடைக்கும்'னு ஒரே வரியில முடிச்சிருக்க. உன் வேலை பையில வச்சுத் தூக்கிட்டுப் போற வேலை, உத்தி. என்னால பம்பை வீட்டுக்குத் தூக்கிட்டு வர முடியாது.

இப்ப அட்டவணை. மூணு தடவை படிச்சேன். மீனுக்குப் பாண்டி ஒன்பது, கோயம்புத்தூர் மூணு. சரி, மீன்காரம்மா புள்ள, போட்டுத்தான் ஆகணும். தண்ணீருக்குக் கோயம்புத்தூர் ஐந்தா? சிறுவாணித் தண்ணிக்கா? இந்த ஊர்க்காரங்க கையில இந்தத் தாள் சிக்கினா உன்னை உள்ளயே விட மாட்டாங்க.

அதுவும் போகட்டும். கடலுக்கு மார்க் இருக்கு. ஆஸ்பத்திரிக்கு இருக்கு. கொசுவுக்குக்கூட இருக்கு. பதினாலு தலைப்புலயும் தேடினேன்.

வினோதா எங்க?

வினோதா


கருவடிக்குப்பம்
23 ஜூலை, புதன்கிழமை, காலை 8.15. இருபத்தேழாவது நாள்.

வினோ,

பேரிங் கதை நன்றாக இருந்தது. நீ செய்தது சரி.

நீ அட்டவணையில் இல்லாதது பிழை இல்லை. நீ பொது எண். இரண்டு பக்கமும் ஒரே எண் இருந்தால் அடித்துவிட வேண்டும். எட்டாம் வகுப்புக் கணக்கு. நான் பாண்டியில் இருந்தாலும் நீ என் பெண்டாட்டி, கோயம்புத்தூரில் இருந்தாலும் நீ என் பெண்டாட்டி. உனக்கு நூறு போட்டாலும் இரண்டு பக்கமும் நூறு கூடும், வித்தியாசம் அதே ஏழுதான். அதனால்தான் அடித்தேன். உன்னைச் சின்னதாக நினைத்து அடிக்கவில்லை. நீ கொசுவுக்கும் கீழே என்று நான் எங்கேயும் எழுதவில்லை, நீயாகச் சேர்த்துக்கொண்டாய்.

நீ மெக்கானிகல் படித்தவள். இதை உனக்கு விளக்க வேண்டியிருப்பது எனக்கு ஆச்சரியம்.

உத்தி


(அஞ்சலட்டை. கோயம்புத்தூர், ஜூலை 28)

ரெண்டு பக்கமும் நான் இருக்கேனா? வீட்டுக்குள்ள ஒரு தடவை சுத்தி எண்ணிப் பாத்துட்டுச் சொல்.
வி.


கருவடிக்குப்பம்
1 ஆகஸ்ட், வெள்ளிக்கிழமை, காலை 7.05. முப்பத்தாறு நாள்.

வினோ,

கவரில் போட்டிருக்கலாம். கார்டு என்றால் ஊரே படிக்கும் என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டாய்.

நேற்று போஸ்ட்மேன் தேவதாஸ் அண்ணன் கார்டை என் கையில் கொடுக்கவில்லை. அம்மாவிடம் கொடுத்தார். அம்மா மார்க்கெட்டிலிருந்து அப்போதுதான் கூடையை இறக்கியிருந்தாள். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தாள். தேவதாஸ் அண்ணன் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "என்ன தம்பி, எண்ணிட்டியா?" என்றார். மொட்டை வெயில். அடுத்த தெருவுக்குத் தபால் இருக்கிறது. ஆள் நகரவில்லை.

எண்ணினேன்.

மாடியில் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. உன் செருப்பு ஒரு ஜோடி, நீ விட்டுப்போனது. ஆட்கள்: ஒன்று. நான் வினோதா என்று எழுதி அடித்த இடத்தில் பாண்டிப் பக்கம் பூஜ்யம் இருக்கிறது. பூஜ்யத்தை எதோடும் அடிக்க முடியாது. என் தப்பு. ஆபீஸில் ஒரு பையன் இப்படி எழுதியிருந்தால் கிழித்திருப்பேன்.

இன்னொன்று. இதை நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அட்டவணையை முதல் தடவை கூட்டியபோது 71–64 வரவில்லை. 68–68 வந்தது. மீனுக்கு ஆறுதான் போட்டிருந்தேன், அதை ஒன்பது ஆக்கினேன். தண்ணீருக்கு உங்கள் ஊர் ஒன்பது, அதை ஐந்து ஆக்கினேன். விடையை முதலில் வைத்துக்கொண்டு கணக்கை அதற்குப் பின்னால் இழுத்தேன். நீ தண்ணீரில் பிடித்துவிட்டாய்.

ஏன் இழுத்தேன் என்றும் எழுதிவிடுகிறேன். போனில் சொல்லியிருக்க மாட்டேன்.

நீ வேலையில் சேர்ந்த வாரம் மண்ணாங்கட்டி மாமாவும் மற்றவர்களும் பெத்தாங் குண்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். நானும் போனேன். இரும்புக் குண்டைக் கையில் எடுத்து, தூரத்தில் கிடக்கும் சின்ன மரக்கட்டைக்குக் குறி பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாமா பின்னாலிருந்து, "என்னடா உத்தி, உம் பொண்டாட்டி கம்பெனிக்குப் போவா, நீ அவ வூட்டுக்கு வாட்ச்மேனா போறியாமே? யூனிபாரம் தெச்சாச்சா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் குண்டு கோட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய் நின்றது.

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அன்றைக்கே அட்டவணையைத் திறந்தேன். பதினைந்தாவது தலைப்பு ஒன்று இருந்தது. வெட்கம். அதை எழுதாமலே அதற்கு மட்டும் ஏழு மார்க் கொடுத்திருக்கிறேன்.

அம்மாவைச் சொல்லித் தப்பிக்கலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. நேற்று கேட்டேன். "நான் போயிட்டா நீ எப்படிம்மா தனியா சமாளிப்ப?"

"தனியாவா? உங்கப்பன் எங்கடா போனான்?"

"இல்லம்மா, மாடி காலியாக் கிடக்குமே."

"கெடக்கும்னு எவன் சொன்னான்? நீ போறதுன்னா சீக்கிரம் சொல்லு. எங்க மகளிர் குழு மீட்டிங்க மேல வச்சுக்கலாம்னு நானும் எப்பலேர்ந்தோ காத்துக்கிட்டு இருக்கறேன். மூணு மாசமா வெயில்ல உக்காந்து பேசறோம்டா."

ஆக, அம்மாவையும் காரணமாக வைக்க முடியாது.

ஒன்று கேட்கிறேன். நீ முப்பத்தாறு நாளில் ஒரு தடவைகூட 'வா' என்று சொல்லவில்லை. போனிலும் இல்லை, தபாலிலும் இல்லை. ஏன்?

உத்தி


பீளமேடு
ஆகஸ்ட் 6, புதன்

உத்தி,

இந்தக் கடிதத்தை ரெண்டு தடவை எழுதிக் கிழிச்சேன். இது மூணாவது.

உன் 68–68ஐப் படிச்சுட்டுச் சிரிச்சேன். அப்புறம் கொஞ்ச நேரம் சிரிக்கல. மாமா பேசினதை நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாம். நான் என்ன உன்னைக் கேலி பண்ணியிருப்பேனா? சரி, பண்ணியிருப்பேன். ஆனா அப்புறம் நிறுத்தியிருப்பேன்.

நான் ஏன் 'வா'ன்னு சொல்லலன்னா, எனக்குப் பயம். நான் கூப்பிட்டு நீ வந்து, ஒரு நாள் கரண்ட் போகும், இல்ல மீன் நாறும், இல்ல யாரோ ஒருத்தர் 'சார் எங்க வேலை பாக்கறாரு'ன்னு கேப்பாங்க. அன்னிக்கு நீ திரும்பி என்னைப் பாத்து, 'நீ கூப்பிட்ட, வந்தேன்'ம்ப. அதை நாப்பது வருஷம் கேக்கணும். உன் குரல்ல அது எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியும். அதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நீயும் கணக்குப் போட்ட, நானும் போட்டேன். என்னுது தாள்ல இல்ல, அவ்வளவுதான்.

ஞாயித்துக்கிழமை ஒரு வீடு பாத்தேன். சும்மாதான், வழியில 'டு லெட்' போர்டு தொங்குச்சு. மாடி போர்ஷன். ரெண்டு ரூம், ஒண்ணுல கதவை மூடினா தெரு சத்தம் கேக்கல. வீட்டுக்காரம்மா பேரு நிர்மலாதேவி. எடுத்ததும், "வூட்டுக்காரருக்கு என்ன வேலைங்க கண்ணு?"ன்னாங்க.

எனக்கு உடனே உன் மாமா ஞாபகந்தான். "கம்ப்யூட்டர் வேலைங்க. வீட்லயே இருந்து செய்வாருங்க"ன்னேன்.

"வூட்லயேவா? பகல் பூரா?"

"ஆமாங்க."

"அட, நல்லதாப் போச்சுங்க கண்ணு! இங்க நல்ல தண்ணி எப்ப வரும்னு அதுக்கே தெரியாதுங்க. முன்னாடி இருந்தவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவாங்க, மோட்டாரப் போட நாந்தான் மாடியேறணும். எனக்கு முட்டி வலிங்க. உங்கூட்டுக்காரரு எப்பங்க வர்றாரு?"

உனக்காக இந்த ஊர்ல முதல்ல காத்திருக்கற ஆள் அவங்கதான். வேற யாருக்கும் வீட்டைக் காட்டாம வச்சிருக்காங்க.

பொய் சொல்ல மாட்டேன். மீன் ஐஸ் மீன்தான். உக்கடம் மார்க்கெட்ல போய்ப் பாத்தேன், மத்தி கண்ணு சிவந்துபோய்க் கிடக்கு. நீ முகம் சுளிப்ப. கடல் கிடையாது. எல்லாரும் எல்லாத்துக்கும் 'ங்க' போடறாங்க, ரோட்டுல குறுக்க வந்த நாயைக்கூட "போங்க"ன்னு விரட்டறாங்க. நீ பேசற பேச்சுக்கு முதல் வாரம் நாலு பேர் கோவிச்சுக்குவாங்க.

இவ்வளவும் சொல்லிட்டேன். இப்ப கேட்டதுக்குப் பதில். வா. எனக்கு நீ இங்க வேணும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா அன்னிக்கு நடந்ததைச் சொல்ல கலைவாணி இருக்கா, நல்ல பொண்ணு, எல்லாத்துக்கும் "அப்படீங்களா"ம்பா. எனக்கு "நீ சொன்னது தப்பு"ன்னு சண்டைக்கு வர்ற ஆள் வேணும்.

ஆனா ஒண்ணு. கணக்குல தோத்துட்டேன்னு தண்டனை கட்டற மாதிரி வராதே. அப்படின்னா அங்கேயே இரு, நான் பஸ்ல வந்துட்டுப் போறேன், கோவம் இல்ல. வரணும்னு தோணினா மட்டும் வா.

வினோதா


கருவடிக்குப்பம்
11 ஆகஸ்ட், திங்கட்கிழமை, காலை 6.30. நாற்பத்தாறு நாள்.

வினோ,

தண்டனை இல்லை. எப்படித் தெரியும் என்றால், சொல்கிறேன்.

உன் பேரிங் கதையை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எண்ணவில்லை. 'சோறு மெல்லும்போது கல்லு மாட்டின மாதிரி' என்று எழுதியிருந்தாய். போனில் சொல்லியிருந்தால் அந்த வரி எனக்கு வந்தே இருக்காது. 'தண்ணி சரி, கரண்ட் சரி' என்ற இடத்திலேயே 'அப்ப என்ன பிரச்சினை, பாயிண்டுக்கு வா' என்று வெட்டியிருப்பேன். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் இப்படி எத்தனை வெட்டினேன் என்று தெரியவில்லை. திரும்பக் கேட்கவும் முடியாது. இனி வருவதையாவது முழுசாகக் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. அதைத் தபாலில் கேட்டால் ஒரு கதைக்கு நாலு நாள் ஆகிறது. என்னால் முடியாது.

நான் வருகிறேன். நீ கூப்பிட்டதற்கு இல்லை. நீ கூப்பிட்ட கடிதம் சனிக்கிழமைதான் வந்தது. வெள்ளிக்கிழமையே டிக்கெட் போட்டுவிட்டேன். தேதி டிக்கெட்டில் இருக்கிறது, வந்ததும் காட்டுகிறேன். நாற்பது வருஷத்துக்கும் அதுதான் ஆதாரம். பத்திரமாக வை.

அம்மாவிடம் சொன்னேன். "ஆடியில குடி மாறக் கூடாதுடா, ஆவணி பொறக்கட்டும்" என்றாள். சாமான் ஆவணியில் வரட்டும், நான் சாமான் இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, அப்ப சாவிய எப்ப குடுக்கற?" என்றாள்.

மாமாவையும் பார்த்தேன். நேற்று சாயங்காலம் பெத்தாங் ஆட்டத்துக்கே போய்ச் சொன்னேன். "மாமா, வர்ற வியாழக்கிழமை கோயம்புத்தூர் போறேன். வாட்ச்மேன் வேலைதான். மோட்டாரும் போடணுமாம்." மாமா குண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு, "சம்பளம் உண்டாடா?" என்றார். "சாப்பாடு உண்டு" என்றேன். மறுபடி எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை காதில் வேறு மாதிரி விழுந்தது. வெட்கம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஏழு இருந்தது. இப்போது இரண்டு.

இனி செய்ய வேண்டியவை:

1. இன்று பதினொரு மணிக்கு கம்பெனிக்குக் கோயம்புத்தூர் முகவரி அனுப்புவது. வீடு இன்னும் முடியவில்லை என்றால் இப்போதைக்கு உன் முகவரி.

2. நிர்மலாதேவி அக்காவிடம் நீ போய், "அவர் வெள்ளிக்கிழமை வருகிறார்" என்று சொல்லிவைப்பது. (இது உன் வேலை. பட்டியல் என்னுடையது என்பதால் சேர்த்திருக்கிறேன்.)

3. அட்டவணை ஃபைலை அழிப்பது. அழித்தாகிவிட்டது.

4. மாடிச் சாவி அம்மாவுக்கு. மேசையையும் இரண்டாவது மானிட்டரையும் குழு மீட்டிங்குக்குத் தரச் சொல்லிக் கேட்கிறாள். மேசை தருவேன்.

5. உன் செருப்பைப் பையில் வைப்பது.

6. வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்குள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்குவது. ஒரு மணி என்றால் முடியாது.

7. வீடு பார்க்கும்போது நீயும் அந்த அக்காவும் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது. பேசினால் 'ங்க' போடுவது. இரண்டும் சிரமம், முயற்சி செய்கிறேன்.

8. வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் 15, காலை ஆறு மணிக்கு உன் வாசலுக்கு வருவது. உனக்கு அன்று லீவ், தூங்குவாய். பெல் அடிக்க மாட்டேன். நீயாக எழுந்து கதவைத் திறக்கும்வரை படியில் உட்கார்ந்திருப்பேன். ஏழு மணி வரைக்கும்.

உத்தி